கமாய்ச்சா கற்க ஜெய்சல்மேர் போகிறீர்களா? கிளம்பும் முன் இதைப் படியுங்கள்

மேற்கு ராஜஸ்தானின் பாலைவன இசையையோ, வில் போட்டு வாசிக்கும் அதன் தந்திக் கருவியான கமாய்ச்சாவையோ எங்கோ ஒரு மேடையில் கேட்டுவிட்டு, "இதை அவர்கள் ஊருக்கே போய்க் கற்றால் என்ன?" என்று நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் கிளம்பியபோது எந்த மாதம் போவது, யாரைக் கேட்பது, எவ்வளவு கொடுப்பது, கருவியை எப்படி ஊருக்குக் கொண்டுவருவது என்று ஒரே இடத்தில் சொல்லித்தர ஆள் இல்லை. ஒவ்வொன்றையும் முட்டி மோதித்தான் தெரிந்துகொண்டேன். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தங்கும் இடம் முதல் வில்லின் குதிரைமுடி வரை, எதுவாக இருந்தாலும் வாசிக்கிற கலைஞர் வழியாகவே போங்கள். ஹோட்டல், கடை, கைடு வழியாகப் போனால் பணம் இரட்டிப்பாகும், கிடைப்பது பாதியாகும்.

1. முதலில் கருவி, அப்புறம் ஊர்

ராஜஸ்தான் என்றதும் எல்லாக் கருவியும் ஜெய்சல்மேரில் கிடைக்கும் என்று நினைத்துவிடுகிறோம். அப்படி இல்லை. ஒற்றைத் தந்தியை இழுத்துத் தளர்த்தி வாசிக்கும் பபங் வேண்டுமென்றால் நீங்கள் போக வேண்டியது மாநிலத்தின் மறுகோடியில் இருக்கும் மேவாத், அல்வர் பக்கம். ஹோலி நாட்களில் வட்டமாக நின்று அடிக்கும் சங் என்ற பெரிய பறை வேண்டுமென்றால் ஷேகாவதி வட்டாரம். நாட்டுப்புறத் தெய்வமான பாபூஜியின் கதை வரைந்த திரைச்சீலைக்கு முன்னால் போபாக்கள் என்ற பூசாரிப் பாடகர்கள் வில்லால் வாசிக்கும் ராவண்ஹத்தாவுக்கு ஜோத்பூர், ஜெய்சல்மேர் இரண்டு பக்கமும் ஆள் இருக்கிறார்கள்.

இந்தக் கட்டுரை ஜெய்சல்மேர், பார்மேர், ஜோத்பூர் வட்டாரத்துக்கானது. இங்கே பரம்பரையாக இசையையே தொழிலாகக் கொண்ட இரண்டு முஸ்லிம் சமூகங்கள் உண்டு: மாங்கணியார், லாங்கா. மாங்கணியார்களின் அடையாளம் கமாய்ச்சா. லாங்காக்களின் அடையாளம், அதுபோலவே வில்லால் வாசிக்கும் சிந்தி சாரங்கி. கையில் தட்டும் மரப்பலகைகளான கர்த்தால், வாயில் வைத்துச் சுண்டும் மோர்ச்சங், டோலக் ஆகியவற்றை இரு தரப்பிலும் கேட்கலாம். சிந்தி சாரங்கி கற்க வேண்டும் என்று மாங்கணியார் ஊரில் போய் உட்கார்ந்தால், மரியாதைக்கு வரவேற்பார்கள், டீ கொடுப்பார்கள், ஆனால் பாடம் நடக்காது. ஜோத்பூரிலிருந்து வரும் வழியில், ஜெய்சல்மேருக்கு ஏறத்தாழ 25 கிலோமீட்டர் முன்னால் இருக்கும் ஹமீரா கிராமம் கமாய்ச்சாவுக்குப் பேர்போனது. 2012-இல் பத்மஸ்ரீ பெற்ற சாகர் கான் அந்த ஊர்க்காரர். லாங்காக்களுக்கு பர்னவா.

உங்களிடம் எவ்வளவு நாள் இருக்கிறது என்பதையும் சேர்த்து யோசியுங்கள். பத்து நாள்தான் லீவு என்றால் கர்த்தால் அல்லது மோர்ச்சங் எடுத்துக்கொள்ளுங்கள். கர்நாடகக் கச்சேரிகளில் மோர்சிங் கேட்டுப் பழகிய காதுக்கு மோர்ச்சங் சீக்கிரம் பிடிபடும். கமாய்ச்சாவுக்கு ஒரு மாதம் என்பது வில்லைப் பிடிக்கப் பழகும் காலம் மட்டுமே. பல வருடங்கள் திரும்பத் திரும்ப வர முடியும் என்றால்தான் அதைத் தொடங்குங்கள். இரட்டைக் குழலான அல்கோசாவுக்கு, ஒலி அறுபடாமல் மூச்சை இழுத்துக்கொண்டே ஊதும் வித்தை தெரிய வேண்டும். அதை வீட்டிலேயே, ஒரு டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ரா வைத்துக் குமிழி அறுபடாமல் ஊதிப் பழகிவிட்டுப் போனால் அங்கே பல நாட்கள் மிச்சமாகும்.

2. மாதத்தைச் சரியாகப் பிடியுங்கள்

பெரும்பாலானவர்கள் சறுக்கும் இடம் இது. குளிர்காலம் இதமாக இருக்கும் என்று டிசம்பரில் டிக்கெட் போடுவார்கள். கலைஞர்கள் வருடம் முழுவதற்கும் சம்பாதிப்பது அந்த மாதங்களில்தான். மாலையானால் ஹோட்டல், மணல்மேட்டு முகாம், கல்யாணம் என்று கிளம்பிவிடுவார்கள். நள்ளிரவுக்கு மேல் திரும்பி வந்தவர் காலை எட்டு மணிக்கு உங்களுக்குப் பாடம் எடுப்பாரா? நானே டிசம்பரில் போய், பேசி வைத்திருந்த உஸ்தாதை, அதாவது ஆசிரியரை, பல நாள் கண்ணால்கூடப் பார்க்க முடியாமல் இருந்திருக்கிறேன். அவரைக் குறை சொல்ல முடியாது.

நல்ல காலம் ஜூலை கடைசியிலிருந்து அக்டோபர் வரை. நம் ஊரில் ஆடியில் கல்யாணம் வைக்க மாட்டோம். அங்கே தேவசயனி ஏகாதசியிலிருந்து தேவ உத்தானி ஏகாதசி வரை நான்கு மாதம் இந்துக் குடும்பங்களில் கல்யாணம் கிடையாது. மாங்கணியார்களின் புரவலர்கள் பெரும்பாலும் ராஜபுத்திரர்கள் என்பதால், அந்த நான்கு மாதமும் கலைஞர்கள் வீட்டில் இருப்பார்கள். சுற்றுலாக் கூட்டமும் இருக்காது, அறை வாடகையும் இறங்கிவிடும். வெயில் உறைக்கத்தான் செய்யும். பாடத்தைக் காலையிலும் இரவிலும் வைத்துக்கொண்டால் சமாளிக்கலாம். மே, ஜூன் மட்டும் வேண்டவே வேண்டாம். 45 டிகிரி சாதாரணம்.

ரம்ஜானையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2026-லும் 2027-லும் நோன்பு மாதம் பிப்ரவரி, மார்ச்சில் வருகிறது. "குளிரும் இல்லை, வெயிலும் இல்லை" என்று எல்லோரும் பரிந்துரைக்கும் காலம் அது. நோன்பு வைத்திருப்பவரிடம் பகலில் பாட்டுக் கேட்காதீர்கள். முஹர்ரம் நாட்களிலும் அப்படித்தான்.

அக்டோபரில் போகிறவர்களுக்கு ஒரு கூடுதல் வாய்ப்பு: சரத் பௌர்ணமியை ஒட்டி ஜோத்பூர் மெஹ்ரான்கர் கோட்டையில் 2007 முதல் நடக்கும் ஜோத்பூர் ரிஃப் நாட்டுப்புற இசை விழா. பல ஊர்க் கலைஞர்களை ஒரே இடத்தில் கேட்கலாம், பேசலாம். அந்த வாரம் மட்டும் ஜோத்பூரில் அறை விலை ஏறும். முன்பே பதிவு செய்துவிடுங்கள்.

3. என்னென்ன ஆவணம் வேண்டும்

இந்தியக் குடியுரிமை உள்ளவர்களுக்கு ஆதார் அசலும், சில நகல்களும், பாஸ்போர்ட் அளவுப் படங்களும் போதும். ஜெய்சல்மேர் நகரம், ஹமீரா, பார்மேர் நகரம் ஆகியவற்றுக்குப் போக அனுமதி எதுவும் தேவையில்லை. ஆனால் இவை எல்லை மாவட்டங்கள். பாகிஸ்தான் எல்லையை ஒட்டிய சில காவல் நிலைய வரம்புகளுக்குள் வெளி மாவட்டத்தார் நுழைய நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். உங்கள் ஆசிரியர் "நாளைக்கு என் மாமனார் ஊருக்குப் போவோம், அங்கே ஒரு பெரியவர் பாடுவார்" என்று அன்பாகக் கூப்பிடுவார். அந்த ஊர் எந்தப் பக்கம் என்று கேட்டுவிட்டு, மேற்கே என்றால் முதலில் அனுமதியை விசாரியுங்கள். அனுமதி இல்லாமல் போய் மாட்டினால் உங்களைவிட உங்களைக் கூட்டிப்போனவருக்குத்தான் தொல்லை. ட்ரோன், சாட்டிலைட் போன் இரண்டையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் போன்ற வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு: இசை, நடனம், கைவினை போன்றவற்றை முறைசாராமல் கற்க மின்-சுற்றுலா விசாவே போதும். ஆறு மாதத்துக்கு மேல் போகக் கூடாது, சான்றிதழோ டிப்ளமோவோ தரும் படிப்பாகவும் இருக்கக் கூடாது. ஆசிரியர் வீட்டில் தங்குவதாக இருந்தால் கவனம். வெளிநாட்டவரைத் தங்கவைப்பவர் 24 மணி நேரத்துக்குள் அதை அரசிடம் பதிவு செய்ய வேண்டும். கிராமத்து வீட்டில் இந்த வசதி இருக்காது. பதிவு செய்துள்ள விருந்தினர் விடுதியில் தங்கிக்கொண்டு, பாடத்துக்கு மட்டும் கிராமத்துக்குப் போய் வருவதே தலைவலி இல்லாத வழி. எல்லைப் பகுதிக் கட்டுப்பாடும் வெளிநாட்டவருக்கு இன்னும் இறுக்கமானது.

4. ஆசிரியரை எப்படிக் கண்டுபிடிப்பது

நேராக ஜெய்சல்மேர் போகாதீர்கள். முதல் சில நாள் ஜோத்பூரில் இருங்கள். நாட்டுப்புறக் கலை ஆய்வாளர் கோமல் கோத்தாரியும் எழுத்தாளர் விஜய்தான் தேத்தாவும் 1960-இல் தொடங்கிய ரூபாயன் சன்ஸ்தான் என்ற நிறுவனம் இந்த வட்டார இசையைப் பல பத்தாண்டுகளாகப் பதிவு செய்து வைத்திருக்கிறது. ஊருக்கு வெளியே அர்ணா ஜர்ணா என்ற அவர்களுடைய பாலைவன அருங்காட்சியகம் இருக்கிறது. முன்கூட்டியே தொடர்புகொண்டு, எதற்காக வருகிறீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள். பழைய பதிவுகளைக் கேட்ட காதோடு போகிறவருக்கும் ரீல்ஸ் மட்டும் கேட்டுவிட்டுப் போகிறவருக்கும் அங்கே கிடைக்கும் பாடமே வேறு.

ஜெய்சல்மேரில் இறங்கியதும் கலாகார் காலனிக்குப் போங்கள். மாங்கணியார் குடும்பங்கள் நெருக்கமாக வாழும் பகுதி. ஆட்டோக்காரரிடம் பெயரைச் சொன்னாலே கொண்டுபோய் விடுவார். உள்ளே போய் "யார் நன்றாகச் சொல்லித்தருவார்?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு எல்லோரும் தங்கள் சித்தப்பாவையோ மச்சானையோதான் காட்டுவார்கள். "கமாய்ச்சா யார் வீட்டில் இன்னும் தினமும் வாசிக்கிறார்கள்?" என்று கேளுங்கள். இரண்டு மூன்று பேரைச் சொல்வார்கள். எல்லோர் வீட்டுக்கும் போய், உட்கார்ந்து, கேட்டுவிட்டு, அப்புறம் முடிவு செய்யுங்கள். முதல் நாளே முன்பணம் கொடுத்து விடாதீர்கள்.

வணக்கத்துக்கு "கம்மா கணி" என்றால் எங்கும் முகம் மலரும். வயதானவரை "உஸ்தாத்ஜி" என்றோ "கான் சாஹிப்" என்றோ கூப்பிடுங்கள். வெறும் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அங்கேயும் மரியாதைக் குறைவுதான். மார்வாடி தெரியாவிட்டாலும் ஓரளவு ஹிந்தி இருந்தால் போதும். ஹிந்தியே தெரியாது என்றால் ஒரு மொழிபெயர்ப்பாளரை அழைத்துப் போவதைவிட, அந்தக் குடும்பத்தில் பள்ளிக்குப் போகும் பையனை உதவிக்கு உட்காரச் சொல்லுங்கள். அவனுக்கு இசையும் தெரியும்.

பொறிகள் இரண்டு. ஒன்று, ஹோட்டல் வரவேற்பறையில் "மியூசிக் வொர்க்‌ஷாப்" என்று தொங்கும் பலகை. நான் விசாரித்த ஓரிடத்தில் கேட்ட கட்டணத்தில் பாதிக்கும் குறைவுதான் வாசிக்கிறவர் கைக்குப் போகும் என்று பிறகு தெரிந்தது. இன்னொன்று, சாதிப் பெயரைச் சொல்லி வரும் இளைஞர்கள். மாங்கணியார் வீட்டில் பிறந்த எல்லோரும் கமாய்ச்சா வாசிப்பதில்லை. இப்போது ஹார்மோனியம், டோலக் வாசிப்பவர்களே அதிகம். கையில் கருவியோடு உட்கார்ந்து ஒரு தோஹா பாடிக் காட்டச் சொல்லுங்கள். பாட்டுக்கு முன்னால் தாளம் இல்லாமல் இழுத்துப் பாடும் அந்த ஈரடியில் ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

பெண்கள் கற்கப் போனால் ஒரு பெரிய கதவு திறக்கும். மாங்கணியார் பெண்கள் பொது மேடையில் பாடுவது அரிது. ஆனால் கல்யாணம், குழந்தைப் பேறு என்று வீட்டுக்குள் அவர்கள் பாடும் பாட்டுகள் ஏராளம். பெண் மாணவிக்கு அந்த உள்முற்றத்தில் இடம் கிடைக்கும். ஆண்கள் அதைக் கேட்டு வற்புறுத்தக் கூடாது. அங்கே கேமராவை வெளியே எடுக்கவே வேண்டாம்.

5. எவ்வளவு கொடுப்பது

மணிக்கணக்கில் பேசாதீர்கள். இது டியூஷன் மாதிரி மணி அடித்து முடியும் விஷயம் இல்லை. காலையில் ஒரு மணி நேரம் சொல்லித்தருவார், அப்புறம் ஆடு பார்க்கப் போவார், சாயங்காலம் தானாகவே கூப்பிட்டு இரண்டு மணி நேரம் வாசிப்பார். நாள் கணக்கில் பேசுங்கள்.

ஆசிரியர் உங்களுக்காக உட்காரும் நாளில் அவருக்கு ஒரு நிகழ்ச்சி வாய்ப்பு போகிறது என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். கச்சேரி இல்லாத மாதங்களில் ஒரு நாளுக்கு 2,000 முதல் 3,000 ரூபாய் வரை எடுத்து வைத்துக்கொண்டு போங்கள் என்பேன். பெயர்பெற்ற மூத்த கலைஞர் என்றால் அவர் சொல்வதுதான். பேரம் பேசாதீர்கள். முடியாவிட்டால் நாட்களைக் குறைத்துக்கொள்ளுங்கள். கற்றுத்தருபவர் ஒருவர், டோலக்கில் தாளம் பிடிக்க இன்னொருவர் என்று வந்தால் அவருக்கும் தனியாகக் கொடுக்க வேண்டும். இதை முதலிலேயே பேசிவிடுங்கள்.

வாரத்துக்கு ஒரு முறை, ஆசிரியர் கையிலேயே அல்லது அவருடைய யுபிஐ எண்ணுக்கு நேராகக் கொடுங்கள். அறிமுகப்படுத்தியவர் கைக்கு ஒரு ரூபாய் போக வேண்டாம். அவருக்குத் தனியாக நன்றி சொல்லிக்கொள்ளலாம். ஜெய்சல்மேரில் சீசன் இல்லாத காலத்தில் சுமாரான விடுதி அறைக்கு நாளுக்கு 1,000 ரூபாய் என்று கணக்கு வையுங்கள். கிராமத்துக்குத் தினமும் ஆட்டோ வைத்தால் அறை வாடகையைவிட அதுதான் அதிகமாகும். ஹமீரா போன்ற சாலையோர ஊர்களுக்கு ஜோத்பூர் நெடுஞ்சாலைப் பேருந்திலேயே போய் இறங்கலாம்.

ஆசிரியர் வீட்டில் சாப்பிட்டால், கிளம்பும்போது கடைசி நாளில் பணமாகக் கொடுக்காமல், வாரா வாரம் சர்க்கரை, டீத்தூள், நெய், கோதுமை மாவு என்று வாங்கிக்கொண்டு போங்கள்.

6. பாடம் எப்படி நடக்கும்

ஸ்வரம் எழுதித்தர மாட்டார்கள். "இது என்ன ராகம்?" என்றால் சோரட், மாரு, ஸாமேரி, மாண்ட் என்று பெயர் சொல்வார்கள். உங்களுக்குத் தெரிந்த ஹிந்துஸ்தானி, கர்நாடக ராகத்தோடு அதைப் பொருத்தப் பார்க்காதீர்கள். "எங்கள் ஊரிலும் மாண்டு உண்டு" என்று ஆரம்பித்து ஒரு காலைப் பொழுதையே வீணடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அங்கே பிள்ளைகள் கற்கும் வழி ஒன்றுதான்: பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது, தொடையில் தட்டுவது, கூடவே முணுமுணுப்பது. நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

கர்த்தாலுக்கு மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். முதல் பாடத்தில் எல்லோரும் திணறுவது அதில்தான். ஷீஷம் மரத்தில் செய்த நான்கு தட்டைப் பலகைகள், கைக்கு இரண்டு. ஒரு பலகை கட்டைவிரல் பக்கம் அசையாமல் நிற்க வேண்டும். மற்றது நான்கு விரல்களின் பிடியில் தளர்வாக இருக்க வேண்டும். புதிதாக வருகிறவர் இரண்டையும் இறுக்கிப் பிடிப்பார், சத்தம் "டொப்" என்று விழும். விரல்களை விட்டுவிட்டு மணிக்கட்டை மட்டும் உதறினால் "டக்" என்று சுத்தமாக வரும். அந்த ஒரு "டக்" இரண்டு கையிலும் ஒரே அளவில் வரும்வரை உஸ்தாத் அடுத்ததற்குப் போக மாட்டார். சலித்துக்கொள்ளாதீர்கள். கேர்வா தாளத்தின் எட்டு மாத்திரையை அந்த ஒற்றை அடியில் பல நாள் போட்டுத்தான் கை பழகும். மணிக்கட்டில் வலி வந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

பாடம் திடீரென்று ரத்தாகும். புரவலர் குடும்பத்தில் குழந்தை பிறந்தாலோ துக்கம் நடந்தாலோ கலைஞர் போயே ஆக வேண்டும். தலைமுறை தலைமுறையாக வரும் கடமை அது. பத்து நாள் பாடம் வேண்டுமென்றால் பதினான்கு நாள் தங்கும்படி திட்டமிடுங்கள். திரும்பும் டிக்கெட்டைத் தேதி மாற்றக்கூடியதாக எடுங்கள்.

7. பதிவு செய்யும் முன் கேளுங்கள்

பாடத்தைப் போனில் பதிவு செய்துகொள்ளலாமா என்று முதல் நாளே கேளுங்கள். உங்கள் பயிற்சிக்கு என்றால் பொதுவாகச் சம்மதிப்பார்கள். யூடியூபில் போடுவது வேறு விஷயம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு கலைஞர்களுக்கு அவர்கள் நிகழ்த்தியதன் மீது தனி உரிமை தருகிறது. அது 50 ஆண்டு நீடிக்கும். பாட்டு மரபுவழி வந்தது, யாருக்கும் சொந்தமில்லை என்ற வாதம் இங்கே எடுபடாது. பாட்டு பொதுவாக இருக்கலாம். அன்றைக்குப் பாடிய குரல் அவருடையது.

ஒரு பக்கத்தில் ஹிந்தியில் எழுதுங்கள்: யார் பாடினார், எந்த ஊர், என்ன தேதி, எங்கே வெளியிடப் போகிறீர்கள், எவ்வளவு கொடுத்தீர்கள், பணம் வந்தால் எப்படிப் பங்கு. படிக்கத் தெரியாதவருக்கு அவர் வீட்டுப் பிள்ளை வாய்விட்டுப் படித்துக் காட்டட்டும். கையெழுத்து வாங்கியதும் நகலை அவரிடம் கொடுத்துவிடுங்கள். வெளியிடும்போது கலைஞர் பெயரை முதலில் போடுங்கள். "ராஜஸ்தானி நாட்டுப்புறப் பாடல்" என்று மட்டும் போட்டுப் பெயரை விட்டுவிடும் வழக்கத்தால் இவர்கள் பட்ட நஷ்டம் கொஞ்சநஞ்சம் அல்ல.

8. கருவி வாங்குவது

இந்த இடத்தில் நிதானம் வேண்டும். கோட்டைக்குள்ளும் அதைச் சுற்றியும் கடைகளில் தொங்கும் ராவண்ஹத்தா, சாரங்கி எல்லாம் சுவரில் மாட்டுவதற்குச் செய்தவை. தந்தி இருக்கும், சத்தமும் வரும், சுருதி மட்டும் நிற்காது. ஒரு கடையில் எனக்குக் காட்டிய "கமாய்ச்சா"வின் பக்கத் தந்திகள் எதையும் சுண்டிப் பார்த்தால், சுருதி சேர்க்கும் முறுக்காணியே சுழன்றது. பழமையாகத் தெரிவதற்கு மரத்தில் கறுப்பு மெருகு வேறு பூசியிருந்தார்கள்.

மோர்ச்சங்கும் கர்த்தாலும் சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கும். இவற்றை உஸ்தாத் பார்த்துத் தேர்ந்து கொடுக்கட்டும். மோர்ச்சங்கின் நாக்கு இரண்டு பக்கச் சட்டத்துக்கும் நடுவில், உரசாமல், மயிரிழை இடைவெளியில் நிற்க வேண்டும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஒரு பக்கம் ஒட்டியிருந்தால் வேண்டாம். கர்த்தால் பலகையை ஓரத்தில் தொங்கவிட்டுப் பிடித்து இன்னொன்றால் தட்டுங்கள். விரிசல் இருந்தால் ஓசை அடங்கிப்போகும்.

கமாய்ச்சா வேறு கணக்கு. நல்ல கருவியின் வட்டக் குடம் ஒரே மாமரத் துண்டில் குடைந்தது. மேலே ஆட்டுத்தோல். முக்கியமான மூன்று தந்தி ஆட்டுக்குடலில் முறுக்கியவை, கூடவே ஒலிக்கும் எஃகுத் தந்திகள் வரிசையாக. வாங்கும் முன் இவற்றைப் பாருங்கள்: குடத்தின் பின்புறம் ஒட்டு, ஆணி, மக்கு பூசிய தடம் இருக்கிறதா? தந்திகளைத் தாங்கும் சிறு துண்டான குதிரை நிற்கும் இடத்தில் தோல் குழிந்திருக்கிறதா? முறுக்காணியைச் சுழற்றிவிட்டுக் கையை எடுத்தால் அப்படியே நிற்கிறதா? கடைசியாக, வில்லை இழுத்து நிறுத்தியதும் காதைக் குடத்தருகே வைத்துக் கேளுங்கள். எஃகுத் தந்திகள் தாமாகவே கொஞ்ச நேரம் ரீங்கரிக்க வேண்டும். அது இல்லையென்றால் அலங்காரம் எதற்கு?

புதிய கமாய்ச்சாவுக்கு 25,000 ரூபாயாவது எடுத்து வைத்துவிட்டுப் பேசத் தொடங்குங்கள். மரத்தையும் செய்பவரையும் பொறுத்து மேலே போகும். செய்யத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு என்பதால் காத்திருக்க வேண்டும். உஸ்தாத் மூலம் ஆர்டர் கொடுங்கள். மரத் துண்டைக் கண்ணால் பார்த்த பிறகு பாதிப் பணம், உஸ்தாத் வாசித்துப் பார்த்துச் சரி என்ற பிறகு மீதி. பச்சை மரத்தில் அவசரமாகச் செய்து வாங்கினால் ஊருக்கு வந்ததும் வெடிக்கும். கையால் செய்த உள்நாட்டு இசைக்கருவிகளுக்கு ஜிஎஸ்டி கிடையாது. கடைக்காரர் பில்லில் வரி சேர்த்தால் கேளுங்கள்.

ஒரு வேண்டுகோள். பழைய கமாய்ச்சாவை வாங்காதீர்கள். பணமுடை வந்த வீடுகளில் தாத்தா வாசித்த கருவியையே விற்பதாகச் சொல்வார்கள். அப்படிப் போன கருவிகள் ஹோட்டல் சுவரிலும் சேகரிப்பாளர் அலமாரியிலும் தொங்குகின்றன. அந்த வீட்டுப் பையன் கையில் எடுக்கக் கருவி இல்லாமல் ஹார்மோனியத்துக்கு மாறிவிடுகிறான். உதவ நினைத்தால், அந்தக் கருவிக்குத் தோல் மாற்றவும் தந்தி போடவும் ஆகும் செலவைக் கொடுங்கள். அதே கருவியில் பாடம் கேளுங்கள்.

9. ஊருக்குக் கொண்டுவருவது

கமாய்ச்சாவுக்கு ரயில்தான் நல்லது. ஜோத்பூர் பக்கத்து பகத் கி கோட்டி நிலையத்திலிருந்து தமிழ்நாட்டுக்கு நேரடி ரயில் உண்டு. ஏசி பெட்டியில் மேல் படுக்கை எடுத்துக் கருவியைத் தலைமாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். விமானத்தில் போனால் அது கைப்பை அளவுக்குள் அடங்காது. சரக்கில் போடுவதென்றால் கெட்டியான பெட்டி கட்டாயம். பயணத்துக்கு முன் எல்லாத் தந்தியையும் தளர்த்திவிடுங்கள், ஆனால் முழுக்கக் கழற்ற வேண்டாம். குதிரையை எடுத்துத் துணியில் சுற்றித் தனியாக வையுங்கள். கூரியரில் அனுப்பாதீர்கள். மோர்ச்சங்கைக் கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். சரக்குப் பையில் போட்டுவிடுங்கள்.

வெளிநாட்டுக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு: ஷீஷம் மரம் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது, ஆனால் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரிலிருந்து விலக்கு உண்டு. அதனால் "இசைக்கருவி, கையால் செய்தது" என்று தெளிவாக எழுதிய ரசீது கையில் இருக்கட்டும். மயிலிறகு கட்டிய கருவியை வாங்காதீர்கள், மயிலிறகு ஏற்றுமதிக்குத் தடை. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருளை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது. பார்க்கப் பழையதாகத் தெரியும் கருவிக்கும், அது தொல்பொருள் அல்ல என்று தொல்லியல் துறை தந்த சான்றைக் கேட்பார்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறவர்கள் தோல், குடல் தந்தி, குதிரைமுடி மூன்றையும் பயணி அறிவிப்புப் படிவத்தில் எழுதிவிட வேண்டும், மறைத்தால் அபராதம்.

10. வந்த பிறகு

பாலைவனத்தின் காய்ந்த காற்றில் பிறந்த கருவி கடற்கரை ஊர் ஈரத்தில் தடுமாறும். ஆட்டுத்தோல் தளர்ந்து குதிரை இறங்கும், குடல் தந்தி ஊறிச் சுருதி விட்டுவிடும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பைகள் போட்டு மூடி வையுங்கள். மழை நாளில் வாசிக்கும் முன் கொஞ்ச நேரம் ஏசி அறையில் வையுங்கள். வெயிலில் காயவைக்காதீர்கள், அடுப்பருகே கொண்டுபோகாதீர்கள், தோல் கிழியும். வில்லுக்கு வயலின்காரர்கள் பூசும் ரோசினே போதும். முறுக்காணி நழுவினால் கொஞ்சம் சாக்பீஸ் தூள் தடவுங்கள்.

கமாய்ச்சாவுக்கான குடல் தந்திதான் வெளியே எளிதில் கிடைக்காது. கிளம்பும்போதே இரண்டு மூன்று செட் வாங்கி வந்துவிடுங்கள். கடைசி செட்டைப் பூட்டிய அன்றைக்கே உஸ்தாதுக்குப் போன் செய்து சொல்லிவிடுங்கள். முறுக்குகிறவரிடம் சொல்லி, வாங்கி, உங்கள் கைக்கு வர ஒரு மாதமாவது ஆகும். நைலான் தந்தி போட்டு அந்த மாதத்தை ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்த மாதம் கர்த்தால் போட்டுப் பழகுங்கள்.